செங்கழுகுச் சின்னம்: நான்காவது இந்திய டிவிஷனின் புகழ் யாருக்கு உரியது?

கேள்வி: கீழைக்காற்று

என் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் சேப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் பணியாற்றியவர். அவர் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. சென்ற மாதம் பாட்டியின் தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, பழைய பட்டுத் துணியில் சுற்றிய சதுரமான ஒரு துணிச் சின்னம் அடியில் கிடைத்தது. கறுப்புப் பின்னணியில் சிறகு விரித்த செந்நிறக் கழுகு. ஓரத்து நூல் பிரிந்திருக்கிறது. தோள்பட்டையில் தைத்திருந்த ஊசித் துளைகள் இன்னும் தெரிகின்றன. "கழுகு டிவிஷன்" என்று தாத்தா சொல்வார் என்பதைத் தவிரப் பாட்டிக்கு வேறொன்றும் தெரியவில்லை. பனி பெய்யும் மலை, கோவேறு கழுதைகள், மலை உச்சியில் இடிந்து கிடந்த பெரிய மாதா கோவில் என அவர் துண்டு துண்டாகச் சொன்னவை மட்டும் எனக்கு நினைவிருக்கின்றன.

தேடிப் பார்த்ததில் இது நான்காவது இந்தியக் காலாட்படை டிவிஷனின் சின்னம் என்று அறிந்தேன். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பெரும் புகழ் ஈட்டிய படை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதே பெயரை 1962-ஆம் ஆண்டுச் சீனப் போர்த் தோல்வியின் நடுவிலும் கண்டபோது மனம் கலங்கிப் போயிற்று. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1965-இல் நடந்த பெரியதொரு டாங்கிப் போரின் வெற்றியிலும் இதே பெயர் வருகிறது. இவை அனைத்தும் ஒரே டிவிஷனின் வரலாறுதானா? அப்படியானால் எதைக் கொண்டு "ஒரே டிவிஷன்" என்கிறோம்? என் பிள்ளைகளிடம் இந்தச் சின்னத்தைக் காட்டும்போது, மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் சொல்ல விரும்புகிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: படைத்தடம்

தங்கள் தாத்தா நினைவுகூர்ந்த அந்த "மாதா கோவில்" இத்தாலியின் மான்டே காசினோ மடாலயமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே போவதற்கு முன், இந்த டிவிஷன் எப்படி உருவாயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போர் மூளும் தறுவாயில், 1939 ஆகஸ்டில், 11-ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேட் எகிப்துக்கு அனுப்பப்பட்டது. அதைத் தொடர்ந்து சென்ற 5-ஆவது பிரிகேடும் பின்னர் சேர்ந்த 7-ஆவது பிரிகேடும் இணைந்து நான்காவது டிவிஷன் ஆயின. ஒரு பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள் இருந்தால், வழக்கமாக அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் பட்டாலியனாகவும் மற்ற இரண்டும் இந்திய அல்லது கூர்க்கா பட்டாலியன்களாகவும் இருக்கும். இவற்றோடு பீரங்கிப் படை, வேவு பார்க்கும் படை, மருத்துவப் பிரிவு, சேப்பர் கம்பெனிகள் எல்லாம் சேரும்போது பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட ஒரு நடமாடும் நகரமே உருவாகிவிடும். தங்கள் தாத்தா இருந்த மதராஸ் சேப்பர்ஸின் 12-ஆவது ஃபீல்டு கம்பெனியும் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியும் இந்த டிவிஷனில்தான் பணியாற்றின. ஆகவே அவர் இவ்விரண்டில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கலாம்.

முதற்பெரும் போர் 1940 டிசம்பர் 9-ஆம் நாள் விடியற்காலையில் எகிப்துப் பாலைவனத்தின் நிபெய்வா முகாமில் நடந்தது. இத்தாலியர்கள் கிழக்கு முகமாகக் கண்ணிவெடிகளைப் புதைத்துக் காத்திருக்க, டிவிஷனின் பட்டாலியன்கள் இரவோடிரவாக மேற்கே சுற்றிச் சென்று, மட்டில்டா டாங்கிகளின் துணையோடு முகாமின் பின்புறத்திலிருந்து நுழைந்தன. முகாமின் தளபதி ஜெனரல் மாலெட்டி அங்கேயே கொல்லப்பட்டார். அன்றே தும்மார் முகாம்களும், அடுத்து சிடி பர்ரானியும் வீழ்ந்தன. மூன்று நாளில் 38,000 பேர் கைதிகளானார்கள். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் டிவிஷனை அங்கிருந்து எடுத்து, சூடான் வழியாக எரித்திரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே கேரன் என்னும் ஊரின் முன்னே ஒரு குறுகிய கணவாய் இருக்கிறது. இரு பக்கமும் ஈராயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக எழும் பாறை மலைகள். உச்சிகள் எல்லாம் இத்தாலியர் கையில். 1941 பிப்ரவரி தொடக்கம் மார்ச் 27 வரை நான்காவது டிவிஷனும் ஐந்தாவது இந்திய டிவிஷனும் அந்த மலைகளில் ஏறி ஏறி விழுந்தன. குடிநீரும் குண்டுகளும் தோளில் சுமந்தே மேலே போக வேண்டும். ஏறுகிற பட்டாலியனில் ஒரு பகுதியினர் சண்டையிடாமல் சுமை தூக்கும் வேலையையே செய்ய வேண்டியிருந்தது. ராஜபுதன ரைஃபிள்ஸ் 4-ஆவது பட்டாலியனின் சுபேதார் ரிச்பால் ராம், பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு எஞ்சிய முப்பது பேரளவிலான வீரர்களுடன் ஒரு முகட்டைப் பிடித்து, ஆறு எதிர்த்தாக்குதல்களை முறியடித்தார். குண்டுகள் முற்றிலும் தீர்ந்தபின், சூழ்ந்திருந்த எதிரிகளை ஊடறுத்துக்கொண்டு மிச்சமிருந்தோரைத் திரும்ப அழைத்து வந்தார். நான்கு நாள் கழித்து அதே இடத்தின்மீது மீண்டும் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியபோது வலது பாதம் சிதைந்துபோக, கிடந்த நிலையிலேயே தம் வீரர்களை முன்னேறச் சொல்லிக்கொண்டே உயிர்விட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. கேரனில் இரு டிவிஷன்களிலுமாக உயிரிழந்தோரும் காயமுற்றோரும் 3,700-க்கும் மேல். இந்த டிவிஷனின் பெயர் நிலைபெற்ற இடம் பாலைவனம் என்றே பலரும் எழுதுகிறார்கள். கேரன் மலைச்சரிவுதான் அந்த இடம் என்பது என் துணிபு.

பாலைவனத்துக்குத் திரும்பியபின் வெற்றிகளோடு பெரிய இழப்புகளும் வந்தன. 1942 ஜூனில் தோப்ருக் வீழ்ந்தபோது 11-ஆவது பிரிகேட் அப்படியே சிறைப்பட்டது. பின்னர் அதே எண்ணில் புதிய பிரிகேட் ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். தங்கள் கேள்விக்கு இது மிகவும் முக்கியமான செய்தி. தொடர்ச்சி என்பது போர் முடிவதற்குள்ளேயே ஒருமுறை அறுந்து ஒட்டப்பட்டிருக்கிறது. 1943-இல் துனீசியாவின் மாரெத் அரணிலும், வாடி அகாரித் முகடுகளிலும், கார்சி மலையிலும் டிவிஷன் போரிட்டது. வாடி அகாரித்தில் சுபேதார் லால்பகதூர் தாப்பாவும், கார்சியில் கம்பெனி ஹவில்தார் மேஜர் சேலு ராமும் விக்டோரியா கிராஸ் பெற்றனர். அந்த ஆண்டு மே 12-ஆம் நாள், ஆப்பிரிக்காவில் இருந்த அச்சு நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி வான் ஆர்னிம் சரணடைந்தபோது எதிரில் நின்றது இந்த டிவிஷன்தான்.

இனி காசினோ. 1944 பிப்ரவரியில் டிவிஷன் அந்த மலைக்கு வந்து, அதுவரை போரிட்டுக் களைத்திருந்த அமெரிக்கர்களிடமிருந்து பொறுப்பை ஏற்றது. குளிரில் விறைத்து, எழுந்து நடக்கவும் இயலாத அமெரிக்க வீரர்கள் பலரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கீழே இறக்க வேண்டியிருந்தது. உணவும் வெடிபொருளும் கோவேறு கழுதைகள் மீதும் மனிதர் முதுகிலும், இரவில் மட்டுமே, பல மைல் தொலைவு மேலே வந்தன. டிவிஷன் தளபதி பிரான்சிஸ் டக்கர், நேர்முகத் தாக்குதலை விட்டுவிட்டு மலைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று வாதிட்டவர். அந்த நாட்களில் அவர் நோயுற்றிருந்தார். மடாலயம் எப்படிக் கட்டப்பட்டது என்ற தகவலை மேலிடம் தரவில்லை என்பதால், நேப்பிள்ஸ் நகரின் புத்தகக் கடைகளில் தேடச் செய்து, 1879-இல் அச்சான ஒரு நூலைப் பெற்றார். சுவர்களின் உயரம் 150 அடி என்றும் கனம் பத்தடிக்குக் குறையாது என்றும் அதிலிருந்தே அவருக்குத் தெரியவந்தது. வானிலிருந்து பேரளவில் குண்டு வீசாமல் காலாட்படையை மட்டும் அந்தச் சுவர்களை நோக்கி அனுப்ப முடியாது என்று அவர் எழுதினார்.

பிப்ரவரி 15 காலையில் இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் மடாலயத்தைத் தகர்த்தன. குண்டுவீச்சு அன்றே நடக்கப்போகிறது என்பது மலைமேல் இருந்த இந்திய பிரிகேடுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை. விழுந்த குண்டுகளாலும் பாறைச் சில்லுகளாலும் நம் வீரர்களே காயமுற்றனர். விமானத் தாக்குதலையும் காலாட்படைத் தாக்குதலையும் இணைக்காததால், இடிபாடுகளுக்குள் ஜெர்மானியர்கள் வசதியாக அமர்ந்துகொண்டார்கள். பிப்ரவரி 17 இரவில் ராஜபுதன ரைஃபிள்ஸும் இரண்டு கூர்க்கா பட்டாலியன்களும் ஏறிய தாக்குதல், முட்புதருக்குள் மறைத்து வைத்த கண்ணிவெடிகளிலும் இயந்திரத் துப்பாக்கிகளிலும் சிக்கி உடைந்தது. மார்ச் மாதத்தில் 9-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாலியன், மடாலயத்துக்கு நேர் கீழே சில நூறு கெஜம் தொலைவில் "தூக்குமேட்டுக் குன்று" என்று வீரர்கள் பெயரிட்ட ஒரு பாறை முனையைப் பிடித்து, விமானங்கள் வீசும் பொட்டலங்களை நம்பி ஒன்பது நாள் அங்கேயே தாக்குப்பிடித்தது. பின்னர் இரவில் சத்தமின்றி இறங்கிவரும்படி உத்தரவு வந்தது. மடாலயம் இறுதியில் மே 18-இல் போலந்துப் படையிடம் வீழ்ந்தபோது நம் டிவிஷன் அங்கே இல்லை. ஆகவே காசினோவை நம்மவர் வென்ற இடம் என்று எழுதுவோரைப் பின்பற்ற வேண்டாம். தளபதிகள் தவறாகத் திட்டமிட்ட ஒரு தாக்குதலில், வீரர்கள் தம்மால் இயன்ற அனைத்தையும் தந்த இடம் அது.

அதன்பின் இத்தாலியின் வடக்கே ஜெர்மானியர் அமைத்த காதிக் அரணில் நடந்த போர்களும், சான் மரினோவில் ரைஃபிள்மேன் ஷேர் பகதூர் தாப்பா உயிரீந்து பெற்ற விக்டோரியா கிராஸும், 1944 இறுதியில் தொடங்கிய கிரேக்கப் பணியும் வருகின்றன. போர் முழுவதும் இந்த டிவிஷன் ஏறத்தாழ 1,50,000 கைதிகளைப் பிடித்ததாகவும், 25,000 பேரை உயிரிழப்பாலும் காயத்தாலும் சிறைப்பட்டும் இழந்ததாகவும் கணக்கிடப்படுகிறது. அதாவது ஒரு முழு டிவிஷனின் ஆள்பலத்துக்கும் மேல். ரோமானியரின் பத்தாம் லீஜியனோடும் நெப்போலியனின் பழைய காவற்படையோடும் சேர்த்துப் பேசப்பட வேண்டிய படை இது என்று வேவல் பிரபு புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் அந்த 25,000 என்ற எண்ணையும் கூடவே நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

மறுமொழி: வடகரை

மேலே எழுதிய நண்பர் போர்க்காலத்தை நிறைவாகச் சொல்லிவிட்டார். "ஒரே டிவிஷன்தானா" என்ற கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன்.

ரெஜிமென்ட் வேறு, டிவிஷன் வேறு. ஒரு சிப்பாய் ரெஜிமென்டில்தான் சேர்கிறான். அங்கேயே பயிற்சி பெறுகிறான், அங்கேயே ஓய்வு பெறுகிறான். அவன் மகனும் அங்கேயே வந்து சேரலாம். டிவிஷன் என்பது ஒரு தலைமையகமும் அதன்கீழ் அவ்வப்போது வைக்கப்படும் பட்டாலியன்களும் சேர்ந்த அமைப்பு. ஒரு பட்டாலியன் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வேறொரு டிவிஷனுக்குப் போய்விடும். தோளிலிருந்த சின்னத்தைப் பிரித்து எடுத்துவிட்டு வேறு சின்னத்தைத் தைத்துக்கொள்ளும். உங்கள் தாத்தாவின் சின்னத்தில் இருக்கும் ஊசித் துளைகளுக்கு இதுதான் பொருள் என்று நினைக்கிறேன்.

1947-இல் நேர்ந்தது இன்னும் கடுமையானது. மேஜர் ஜெனரல் ரீஸின் தலைமையில் இருந்த இந்த டிவிஷனை அடிப்படையாகக் கொண்டே பஞ்சாப் எல்லைப் படை அமைக்கப்பட்டது. இந்து, முஸ்லிம், சீக்கிய வீரர்கள் அதில் ஒன்றாக இருந்தார்கள். 12 மாவட்டங்களில் பெருகிய கொலைவெறியைத் தடுக்கப் போதிய ஆட்கள் இல்லை. தங்கள் குடும்பங்களே கலவரப் பகுதியில் அகப்பட்டிருக்கும் நிலையில் நடுநிலை காக்க வேண்டிய கொடிய சோதனை வீரர்களுக்கு. ஆகஸ்ட் முதல் நாள் தொடங்கிய அந்தப் படை ஒரே மாதத்தில் கலைக்கப்பட்டது. காசினோவிலும் துனீசியாவிலும் ஒரே கழுகுச் சின்னத்தை அணிந்திருந்த பட்டாலியன்கள் மூன்று இராணுவங்களுக்குப் பிரிந்து போயின. ராஜபுதன ரைஃபிள்ஸும் 9-ஆவது கூர்க்காக்களும் இந்தியாவுக்கு; பலூச் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்கு; 2-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் பிரிட்டிஷ் இராணுவத்துக்கு. நான்காவது டிவிஷனின் புகழ் யாருடையது என்று கேட்டால், சட்டப்படி பெயரும் சின்னமும் இந்தியாவிடம் வந்தன. சம்பாதித்தவர்களின் வாரிசுகள் நான்கு நாடுகளில் இருக்கிறார்கள், நேபாளத்தையும் சேர்த்து.

அதன்பின் திம்மையாவின் தலைமையில் கிழக்குப் பஞ்சாபில் அகதிகளைப் பாதுகாக்கும் பணி. ஐம்பதுகளில் அம்பாலா. சமவெளிப் போருக்கே பயிற்சி பெற்ற அந்த டிவிஷனைப் பி. எம். கௌலின் தலைமையில் வீரர் குடியிருப்புகள் கட்டும் பெருந்திட்டத்தில் ஈடுபடுத்தினார்கள். 1959-ஆம் ஆண்டின் இறுதியில், இமயமலையின் வடகிழக்கு எல்லைக்கு அதே டிவிஷனை அனுப்பினார்கள். மலைக்கேற்ற பயிற்சியும் இல்லை, போதிய சாலையும் இல்லை.

1962 அக்டோபரில் 7-ஆவது பிரிகேட், நாம்கா சூ என்னும் ஆற்றின் தாழ்ந்த கரையில், எதிர்க்கரையின் தாக்லா முகட்டிலிருந்து சீனர்கள் அனைத்தையும் பார்க்கும்படியாக நிறுத்தப்பட்டது. வீரர்களில் பலர் அந்த உயரத்திலும் கோடைக்காலப் பருத்தி உடையில் இருந்தனர். விமானத்திலிருந்து வீசிய பொருட்களில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து வீணாயிற்று. அங்கே நிற்பது தவறு என்று பிரிகேடியர் ஜான் டால்வி எடுத்துச் சொன்னார். டிவிஷன் தளபதி நிரஞ்சன் பிரசாத்தும் அங்கே நிற்பதை ஏற்கவில்லை. ஆயினும் டெல்லியின் முடிவு மாறவில்லை. அக்டோபர் 20 விடியற்காலையில் சீனப் பீரங்கிகள் முழங்கின. சில மணி நேரத்தில் பிரிகேட் இல்லாமற்போயிற்று. இரண்டாம் ராஜபுத்திர பட்டாலியன் மட்டும் 282 பேரை இழந்தது. டால்வி இரு நாள் கழித்துச் சிறைப்பட்டார். காசினோவின் பாறை முனையில் ஒன்பது நாள் நின்ற அதே 1/9 கூர்க்கா பட்டாலியனும் அன்று அந்த ஆற்றங்கரையில் இருந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதில் கடந்து போக முடிவதில்லை. நவம்பரில் சேலா கணவாயும் பொம்டிலா ஊரும் சீனர் கைக்குப் போனபோது டிவிஷன் என்ற அமைப்பே குலைந்தது.

இதைக் கோழைத்தனம் என்று எழுதுவோர் உண்டு. அது பெரும் அநீதி. தவாங் செல்லும் வழியில் சுபேதார் ஜோகிந்தர் சிங் சில பேரோடு நின்று போரிட்டு, இந்தியாவின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்றது அந்த டிவிஷனின் கீழேதான். கேரனிலும் காசினோவிலும் நின்ற வீரர்களைவிட நாம்கா சூ வீரர்கள் எவ்வகையிலும் தாழ்ந்தவர்கள் இல்லை. கேரனில் அவர்களுக்குப் பின்னால் பீரங்கியும் விமானமும் இருந்தன, திட்டமும் இருந்தது. சின்னத்தின் புகழ் அந்தக் குறைகளை ஈடுசெய்யும் என்று நினைத்தவர்கள்தான் பொறுப்பேற்க வேண்டும்.

மறுமொழி: கரும்புக்காடு

1965 குறித்து யாரும் விரிவாக எழுதாததால் சேர்க்கிறேன். 1962-க்குப் பின் இந்த டிவிஷனை மலைப்படை டிவிஷனாக மாற்றியமைத்திருந்தார்கள். மலைக்கென்று இலகுவாக்கப்பட்ட அதே டிவிஷனைத்தான் 1965-இல் பஞ்சாப் சமவெளியின் கேம் கரனில் டாங்கிகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். செப்டம்பர் 6-ஆம் நாள் பாகிஸ்தானின் இச்சோகில் கால்வாயை நோக்கிச் சென்ற முதல் தாக்குதல் தோல்வியில் முடிந்தது. சில பட்டாலியன்கள் சிதறின, டிவிஷன் பின்வாங்கியது. வெற்றிக் கதைகளில் இந்த நாளை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டால் அடுத்து நடந்ததன் அருமையே விளங்காது.

தளபதி மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங், அசல் உத்தாரைச் சுற்றிக் குதிரை லாடத்தின் வடிவில் தற்காப்பு அமைத்தார். கால்வாய் நீரைத் திறந்து வயல்களைச் சேறாக்கினார்கள். ஆளுயரம் வளர்ந்த கரும்புக்குள் 2-ஆவது தனி டாங்கி பிரிகேடின் செஞ்சூரியன்களும் ஷெர்மன்களும் ஒளிந்து நின்றன. அந்த பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தியோகராஜ். பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷன், அந்நாளில் மிகவும் நவீனமான பேட்டன் டாங்கிகளோடு செப்டம்பர் 8 முதல் 10 வரை திரும்பத் திரும்ப மோதியது. பேட்டனின் பீரங்கி தொலைவில் சுடுவதற்கு ஏற்றது. கரும்புக்குள் தொலைவு என்று ஒன்று இல்லை. சேற்றில் சக்கரப் பட்டை புதைந்து நின்ற டாங்கியைச் சில நூறு கெஜத்திலிருந்து சுட்டார்கள்.

4-ஆவது கிரனேடியர்ஸின் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் ரீகாயில்லெஸ் பீரங்கியோடு சீமா கிராமத்தருகே பயிருக்குள் காத்திருந்தார். அந்தப் பீரங்கியைச் சுட்டவுடன் பின்புறம் எழும் நெருப்பும் புழுதியும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுடுதலுக்கும் பின் இடம் மாற வேண்டும். பல டாங்கிகளை அவ்வாறு அழித்தவர் செப்டம்பர் 10-இல் ஒரு டாங்கியின் குண்டுக்குப் பலியானார். நாம்கா சூவில் 7-ஆவது பிரிகேடின் கீழ் இருந்த பட்டாலியன்களில் இந்த 4-ஆவது கிரனேடியர்ஸும் ஒன்று. ஹமீதும் அப்போது அதில் இருந்தவர். தொடர்ச்சி எங்கே என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து அதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அந்தக் களத்தில் பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது. அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்த பிக்கிவிண்டு "பேட்டன் நகர்" என்றே அழைக்கப்பட்டது.

1971-இல் இதே டிவிஷன் மேஜர் ஜெனரல் பராரின் தலைமையில் கிழக்கு வங்காளத்தில் நுழைந்து, ஜெனைதாவைப் பிடித்து, குஷ்டியாவில் ஒரு கடும் அடி வாங்கி, மதுமதி ஆற்றைக் கடந்து ஃபரித்பூர் வரை சென்றது. பின்னர் அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) அதன் நிலையான தலைமையிடமாயிற்று. செங்கழுகு அதன் வாயிலில் இன்றும் இருக்கிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற சேப்பர்

நானும் பெங்களூருவில் பயிற்சி பெற்றவன் என்ற உரிமையில், மேலே காலாட்படையைப் பற்றி எழுதியவற்றோடு சேப்பர்களைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். காலாட்படை தாக்குவதற்கு முன்பே சேப்பர் அங்கே இருக்க வேண்டும். இரவில் குப்புறப் படுத்து, துப்பாக்கி முனைக் கத்தியைச் சாய்வாக மண்ணில் செலுத்தி, இரும்பு தட்டுப்படுகிறதா என்று விரல் நுனியால் உணர்ந்து, சுத்தம் செய்த பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா விரித்துக்கொண்டே ஊர்ந்து போவோம். இத்தாலியில் ஜெர்மானியர் மரப்பெட்டியில் செய்த கண்ணிவெடிகளையும் பயன்படுத்தினார்கள். அவற்றைக் கருவி கண்டுபிடிக்காது, கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

காசினோவில் இந்த டிவிஷனின் சேப்பர்கள் நியூசிலாந்துப் பொறியாளர்களோடு சேர்ந்து, மலைக்குப் பின்னால் ஆட்டுத்தடம் போலிருந்த ஒரு பாதையை டாங்கி போகும் அளவுக்கு வெட்டி அகலப்படுத்தினார்கள். எதிரி பார்க்கும் இடங்களில் மறைப்பு வலைகளைக் கட்டிக்கொண்டு, பாறையை வெடிவைத்து உடைத்து அமைத்த சாலை. மார்ச் 19-இல் அதன் வழியே டாங்கிகள் போயின. துணைக்குக் காலாட்படை இல்லாததால் அந்தத் தாக்குதல் பயனின்றி முடிந்தது. சாலை சரியாகத்தான் இருந்தது.

காஞ்சிபுரம் பகுதியில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் மிக்னானோ அருகே தம் குழுவினரோடு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது ஒரு வெடி இயங்கத் தொடங்கிவிட்டது. வெடிப்பதற்கு முன் இருந்த சில நொடியில் விலகி ஓடாமல் அதன்மீது விழுந்து தம் உடலால் மூடினார், உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். எதிரியோடு நேருக்கு நேர் மோதாத வேளையில் காட்டும் வீரத்துக்கான பிரிட்டனின் உயர்ந்த விருதாகிய ஜார்ஜ் கிராஸ் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. டிவிஷனின் வேவுப் படையான சென்ட்ரல் இந்தியா ஹார்ஸைச் சேர்ந்த இருவரும் அதே விருதை அந்த ஆண்டு கண்ணிவெடி வயலிலேயே உயிரீந்து பெற்றார்கள். விக்டோரியா கிராஸ் நான்கு பெற்ற டிவிஷன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த மூன்று ஜார்ஜ் கிராஸையும் சேர்த்து எழுத வேண்டும். இத்தாலியில் தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்கள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சாங்ரோ நதிப் போர்க் கல்லறையில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன.

உங்கள் தாத்தாவின் பணிச் சான்றுப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள படை எண்ணைக் குறிப்பிட்டு, பெங்களூருவில் இருக்கும் மதராஸ் பொறியாளர் படையின் ஆவண அலுவலகத்துக்குத் தபாலில் எழுதினால் விவரம் கிடைக்க வாய்ப்புண்டு. எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது மிகக் கடினம். அந்தக் காலத்தில் ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். சின்னத்தைத் துவைக்க வேண்டாம். வெயிலிலும் வைக்க வேண்டாம், செந்நிறம் வெளுத்துவிடும்.

கேள்வியாளர்: கீழைக்காற்று

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சேப்பர் ஐயா சொன்னபடி தேடியதில், அதே தகரப் பெட்டியில் ரேஷன் அட்டைகளுக்கு இடையே தாத்தாவின் பணிச் சான்று கிடைத்தது. மடிப்புகளில் கிழிந்திருக்கிறது, ஆனால் எண் தெளிவாக இருக்கிறது, கம்பெனி 12 என்றும் எழுதியிருக்கிறது. காசினோவில் சாலை வெட்டிய சேப்பர்களில் அவரும் இருந்திருக்கலாம் என்று பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "பாறை உடைச்சு உடைச்சுக் கையெல்லாம் காய்ச்சுப் போச்சுன்னு சொல்லுவாரு, நான் குவாரி வேலைன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் ஒருமுறையும் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பிள்ளைகளிடம் நாம்கா சூவையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். சின்னத்தை மீண்டும் அதே பட்டுத் துணியில் சுற்றி, சான்றோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பெங்களூருவுக்கான கடிதம் நாளைத் தபாலில் போகிறது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.